இடுப்புக்குக் கீழே தங்கம்

பாவாடை நாடாவை நானே முடிந்துகொள்ள முடியாத காலம் ஒன்று எனக்கு இருந்தது. எழுபதுகளின் கடைசி. அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது.

காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக விரல்களைப் பார்ப்பேன். வீங்கிப் பளபளவென்று, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி கிடக்கும். மடக்கினால் மடங்காது, நீட்டினால் நீளாது. சுடுநீரில் முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து மணிக்கு மேல் கொஞ்சம் அசையும். அதுவரை சீப்பு பிடிக்க வராது, குவளை பிடிக்க வராது. அதெல்லாம்கூடப் போகட்டும். நாடா முடிய வராததுதான் என்னைக் கொன்றது.

என் கணவர்தான் முடிந்துவிடுவார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. கயிறு கட்டிப் பழகிய கை.

“இறுக்கமா இருக்கா?”

“மூச்சு முட்டுதுங்க. நான் என்ன கப்பலா?”

“அவுந்து விழுந்தா என்னைத்தானே திட்டுவே.”

அவர் சிரித்துக்கொண்டுதான் கட்டுவார். எனக்குத்தான் சிரிப்பு வராது. காலை வேலை உள்ள வாரங்களில் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். அவர் போட்டுவிட்டுப் போன முடிச்சு அவர் திரும்பும்வரை தாங்க வேண்டும்.

நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கடைவீட்டு மாடியில் இருந்தோம். கீழே மசாலா அரைக்கிற கடை. மேலே பலகையால் தடுத்த ஐந்து அறைகள். ஐந்துக்கும் சேர்த்து ஒரே அடுப்படி, ஒரே குழாயடி. ஒரு நாள் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் முடிச்சு நழுவுவது தெரிந்தது. இரண்டு முழங்கையாலும் இடுப்பை அழுத்திக்கொண்டு சுவரோரமாக நின்றேன். என் வாளி நிரம்பி வழிந்தது. “குழாய மூடும்மா, என்ன கனா காணுறே?” என்று யாரோ கத்தினார்கள். வாய் திறந்து சொல்ல வரவில்லை. பக்கத்து அறை அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னை அப்படியே தள்ளிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நாடாவை இழுத்துக் கட்டிவிட்டார்.

“ஏண்டி, அவுந்துபோச்சுக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்குற முத்து கொட்டிடுமா?”

நான் அப்படித்தான். ஆரம்பப் பள்ளியில் படித்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கை தூக்கி எதையும் கேட்டதில்லை. வெளியே போக வேண்டும் என்பதைக்கூட.

ரேடியோ ஃபேக்டரியில் ஐந்து வருஷம் வேலை பார்த்திருந்தேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஸ்க்ரூக்களை எடுத்து முடுக்குகிற வேலை. விரல் வீங்க ஆரம்பித்ததும் ஸ்க்ரூ கீழே சிதற ஆரம்பித்தது. சூப்பர்வைசர் சீனப் பெண், நல்ல மாதிரி. கை சரியானதும் வா, உன் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அக்கா மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிறவர். அங்கே வரும் யாரோ ஒருவர் சொல்லி, மூட்டு வியாதிக்கென்று ஒரு பெரிய டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தார். என் கணவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லி, அவரையும் என்னையும் அனுப்பிவைத்தார்.

டாக்டர் சீனர், வயது அதிகமில்லை. இங்கிலீஷில் பேசினார். அதைத் தமிழில் சொல்ல ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஒருவர் வந்து நின்றார். காக்கிக் கால்சட்டை, நரைத்த மீசை, நல்ல பெரிய குரல். அந்தக் குரல்தான் எனக்குப் பயம். அவர் பேசினால் வெளியே பெஞ்சியில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்.

“தங்கச்சி, டாக்டர் என்ன சொல்றாருன்னா, ஒடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்களாம். கிருமி வந்தா அடிக்கிறதுக்கு. உனக்கு அவனுங்க ஆள் தெரியாம உன் மூட்டையே போட்டு அடிக்கிறானுங்க. ஒருத்தன் அடிக்கிறது பத்தாதுன்னு இன்னும் பத்துப் பேருக்குச் சேதி சொல்லிக் கூட்டிட்டு வர்றானாம். அதான் இந்த வீக்கம்.”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் கணவருக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஹார்பர் சண்டை மாதிரி லா! ஒருத்தன் விசில் அடிச்சா போதும், என்ன ஏதுன்னு கேக்காம எல்லாரும் ஓடி வந்து அடிப்பானுங்க. அண்ணே, டாக்டரைக் கேளுங்க, அந்த விசில புடுங்கிட்டா சரியாப் போயிடும்ல?”

அட்டெண்டர் அதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து என் கணவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். விசில் இருப்பது இப்போதுதான் மெல்லத் தெரிய வருகிறது, பிடுங்குவதற்கு இன்னும் மருந்து வரவில்லை என்றாராம்.

அந்த மருந்து இப்போது வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எனக்கே போடுகிறார்கள். காவல்காரர்களை விட்டுவிட்டு, அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்புகிற சேதியை மட்டும் தடுக்கிற ஊசி என்று இப்போது பார்க்கிற டாக்டர் விளக்கினார். விசில பிடுங்குறதுதானே என்று சொல்ல வாய் வரை வந்தது. அதை முதலில் சொன்ன என் வீட்டுக்காரர் இப்போது இல்லையே என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அந்த டாக்டரிடம் இருந்தது தங்கம்.

“தங்க ஊசியாம் தங்கச்சி. நெசத் தங்கம். மருந்தாக் கரைச்சு வச்சிருக்காங்க. வாரம் ஒண்ணு. மூணு மாசம் ஆகும் கை கேக்குறதுக்கு. ஆனா ஒண்ணு, நல்லாக் கேட்டுக்க. ஒடம்புல அரிப்பு வந்தா, வாயில புண்ணு வந்தா, ஒடனே சொல்லணும். மறைக்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் சின்னக் குப்பியில ஒண்ணுக்குக் கொண்டு வரணும். சோதிச்சுப் பாத்துட்டுத்தான் ஊசி.”

ஒண்ணுக்கு என்று அவர் சொன்னது சாலை வரைக்கும் கேட்டிருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் அடுப்படி முழுக்க அதே பேச்சு.

“உன் மாமியா வீட்டுல போட்ட நகையைவிட இது ஜாஸ்தி போல இருக்கே.”

“ராத்திரி இருட்டுல மின்னுவாளோ?”

“அவளை ஒரசிப் பாத்துதான் வாங்கணும் இனிமே.”

அக்கா சட்டி கழுவிக்கொண்டே, “சிரிங்கடி, சிரிங்க. நாளைக்கு அவ கை நல்லாகி உங்க காதைத் திருகும்போது தெரியும்” என்றார். எனக்கும் அன்று சிரிப்பு வந்தது.

ஊசி போடுகிற அறைக்குள் போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மிஸ்ஸி, நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். மருந்துக் குப்பியை வெளிச்சம் படாமல் ஒரு பெட்டியிலிருந்து எடுத்தார். மினுமினுக்கும் என்று நினைத்தேன். நீர்த்த தேநீர் மாதிரி இருந்தது. நான் கையை நீட்டினேன். மிஸ்ஸி தலையாட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் படுக்கச் சொல்லி, தன்னுடைய இடுப்புக்குக் கீழே பின்பக்கம் தட்டிக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கம் மகாலட்சுமி. இடுப்புக்கு மேலேதான் போடுவோம். எவ்வளவு வசதி வந்தாலும் காலுக்கு வெள்ளிதான், கொலுசும் மெட்டியும். அடகுக் கடையிலிருந்து மீட்டு வந்த சங்கிலியைக்கூட என் அம்மா மடியில் வைக்க விடமாட்டார், கையில்தான் ஏந்தி வர வேண்டும். அப்படிப்பட்ட தங்கத்தைக் கொண்டுபோய் உட்காருகிற இடத்தில் ஏற்றுவதா?

“கை, மிஸ்ஸி, கை” என்று புஜத்தைக் காட்டினேன்.

“தா போலே, தா போலே” என்றார். முடியாது என்று எனக்குத் தெரிந்த மலாய். தொட்டுக் காட்டிச் சொன்னதில், சதை அங்கேதான் இருக்கிறது என்பது விளங்கியது. வெளியே அட்டெண்டரின் குரல் கேட்டது. அவரைக் கூப்பிட்டு இதைச் சொல்லச் சொல்வதைவிடச் செத்துப்போகலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு விளக்கேற்றக் கை வரவில்லை. கைவலியால் அல்ல.

அடுத்த வாரத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் சொல்லியும் இல்லை, நானாகத்தான். இடுப்பு என்பது நாடா கட்டுகிற இடம். நாடாவைக் கீழே இறக்கிக் கட்டினால், ஊசி குத்துகிற இடம் நாடாவுக்கு மேலே வந்துவிடும். அப்புறம் அது இடுப்புக்குக் கீழே என்று எப்படிச் சொல்ல முடியும்?

“இன்னும் கீழ எறக்கிக் கட்டுங்க” என்றேன் அவரிடம்.

“இதுக்கு மேல எறக்குனா கட்டவே வேணாம்.”

“சொன்னதைச் செய்யுங்களேன்.”

காரணம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சாமி படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, மண்டி போட்டு உட்கார்ந்து, அளவு பார்த்துக் கட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். சேலைக் கொசுவம் தரையைத் தொட, முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். பையில், தைலம் இருந்த பழைய குப்பி ஒன்று, காகிதம் சுற்றி, அதற்கு மேல் துணி சுற்றி. பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அது என்னவென்று தெரிந்துவிடுமோ என்று பஸ் போய்ச் சேரும்வரை பையை அணைத்தபடியே இருப்பேன்.

மிஸ்ஸி அந்தக் குப்பியில் ஒரு சின்ன அட்டையை முக்குவார். அதன் நுனியில் மஞ்சள் பூசியிருக்கும். முக்கி எடுத்த பிறகும் மஞ்சளாகவே இருந்தால் ஊசி உண்டு. பச்சை ஏறினால் இல்லை. மஞ்சளும் பச்சையும் இரண்டுமே மங்கலமான நிறம் என்று வளர்ந்தவள் நான். அந்த அறையில் பச்சையைக் கண்டு பயந்தேன். மிஸ்ஸி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிற அந்த நேரம் மூச்சு விடமாட்டேன்.

பத்து ஊசி வரை ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டாவது வாரமோ என்னமோ, ஒரு காலை வேளையில் குவளையின் கைப்பிடிக்குள் விரல் போனது. தானாகப் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் இரண்டு வாரத்தில், அவர் கட்ட வரும்போது, “நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு நானே நாடாவை முடிந்தேன். இரண்டு தரம் நழுவியது. மூன்றாவது தரம் நின்றது. அவர் கதவில் சாய்ந்துகொண்டு, “எனக்கு வேலை போச்சு” என்றார்.

அந்த மாதமே, நாங்கள் பதிந்து வைத்திருந்த அரசாங்க அடுக்குமாடி வீடு பிடோக்கில் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. எங்களுக்கென்று ஒரு அடுப்படி, எங்களுக்கென்று ஒரு குழாய். ஃபேக்டரிக்கு அக்காவை ஃபோன் பண்ணச் சொன்னேன். அடுத்த மாதம் முதல் வாரம் வந்து சேரச் சொன்னார்கள். எல்லாம் ஒன்றாகக் கூடி வருகிறதே என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

பயந்தது சரியாகப் போயிற்று. அரிப்பு வந்தது.

முதலில் எறும்பு கடித்தது போல ஒரு திட்டு. நாலைந்து நாளில் இடுப்பைச் சுற்றி வளையமாகப் படர்ந்துவிட்டது. சரியாக, தினமும் நாடா கட்டுகிற கோட்டில். விரல் அகலத்துக்குச் செக்கச்செவேலென்று, மேலே செதிள் செதிளாக. குளியலறையில்தான் அதை முழுசாகப் பார்த்தேன். எந்தக் கோட்டுக்குக் கீழே தங்கம் போகக் கூடாதோ, அந்தக் கோட்டை யாரோ சிவப்பில் வரைந்து காட்டியது போல இருந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது மருந்தால் வருகிற அரிப்பு. இது அதில்லை, இது மகாலட்சுமித் தாயார் கோபம் என்று நினைத்தேன். நாடாவை இறக்கிக் கட்டி மனிதரை ஏமாற்றலாம், தாயாரை ஏமாற்றலாமா?

அப்படி நினைத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மருந்தால் வந்தது என்றால் சொல்லியாக வேண்டும். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் விரல்கள் மறுபடியும் கிழங்காகிவிடும். சாமி குற்றம் என்றால் சாமியிடம் சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய், கை முழுசாக நல்லாகிற வரைக்கும் பொறுத்துக்கொள் தாயே, அப்புறம் உனக்குத் தங்கத்தில் பொட்டு வாங்கிச் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். கறை தெரியாமல் இருக்கக் கறுப்புப் பாவாடையாகக் கட்டினேன். அவருக்குக்கூடக் காட்டவில்லை. முடிச்சுப் போடுகிற வேலைதான் இப்போது அவருக்கு இல்லையே.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அறையில் அட்டெண்டர் எப்போதும் போல முழக்கினார்.

“அரிப்பு கிரிப்பு ஏதும் உண்டா தங்கச்சி?”

“இல்லீங்கண்ணே.”

“வாயில புண்ணு?”

“இல்லீங்க.”

நாக்கின் ஓரத்தில் ஒரு புண் இருந்தது. சூடு என்று பார்லி குடித்துக்கொண்டிருந்தேன். இல்லீங்க என்று சொல்லும்போதே அது பல்லில் உரசி எரிந்தது.

அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் இல்லை என்றே சொன்னேன். வீட்டில் ராத்திரியும் பகலும் ஒரே கணக்குதான் மனதுக்குள். இன்னும் எத்தனை ஊசி போட்டால் கை நிலைத்துவிடும்? அதுவரை இந்த வளையம் மேலே ஏறாமல் இருக்குமா? கழுத்துக்கு வந்துவிட்டால் எதைக் கொண்டு மறைப்பேன்? சமைக்கும்போது சொரியத் தோன்றும். கரண்டிக் காம்பை இறுகப் பிடித்துக்கொள்வேன். பிடிக்க முடிகிறதே என்று அதிலும் ஒரு சந்தோஷம்.

அக்கா ஒரு நாள் கேட்டார். “என்னடி, கை நல்லாயிட்டு வருது, மூஞ்சி மட்டும் இப்படி இருக்கு?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“உன் ஒண்ணும் இல்லய நான் பாத்திருக்கேன். குழாயடியில பாத்தேன்.”

நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

மூன்றாவது செவ்வாய். ஃபேக்டரியில் சேர இன்னும் ஆறு நாள். காலையில் நானே நாடாவை இறக்கிக் கட்டினேன். மற்ற செவ்வாய்களைவிட இன்னும் கொஞ்சம் கீழே, பத்திரமாக இருக்கட்டும் என்று. கை நன்றாக வேலை செய்தது, முடிச்சு கெட்டியாக விழுந்தது.

அன்று மிஸ்ஸி அட்டையை ஜன்னலில் பிடித்தவர் உடனே இறக்கவில்லை. ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். என்னைப் பார்த்தார். “பூசிங்?” என்றார், தலை சுற்றுகிறதா என்று. இல்லை என்று தலையாட்டினேன். அட்டையை மேசையில் வைத்துவிட்டு, படு என்று கை காட்டினார். சரி, தப்பித்தோம் என்று திரும்பிப் படுத்தேன். மிஸ்ஸி சேலையைக் கொஞ்சம் ஒதுக்கினார்.

பஞ்சு படவில்லை. ஊசியும் படவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாடா கீழே இறங்கிவிட்டது. தினமும் நாடா இருக்கிற இடம் திறந்து கிடக்கிறது. போன வாரம் வரை நாடாவுக்கு மேலே தூக்கிச் செருகிய சேலை மறைத்திருக்க வேண்டும். இன்றைக்கு நானே, என் நல்லான கையால், அந்த வளையத்தை மிஸ்ஸியின் கண்ணுக்கு நேரே திறந்து வைத்துவிட்டேன்.

மிஸ்ஸி ஒரு விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தார். கோபப்படவில்லை. ஊசியை எடுத்துத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. மாட்டிக்கொண்டோம் என்றுகூட இல்லை. இன்றைக்கு ஊசி இல்லை, அதற்கு.

டாக்டர் வந்தார். திரை போட்டு, மிஸ்ஸியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்தார். நாக்குப் புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அட்டெண்டர் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு குரலை இறக்கிக் கேட்டார். அவருக்கும் சின்னக் குரல் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

“எத்தனை வாரமாத் தங்கச்சி?”

“மூணு.”

“நான் ஒவ்வொரு வாரமும் கேட்டேனே. ஏன் சொல்லல?”

திரை மறைத்திருந்ததாலோ என்னவோ, எனக்குப் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தங்கம் மகாலட்சுமி என்பதை, நாடாவை இறக்கிக் கட்டியதை, சிவப்புக் கோட்டை, அம்மனுக்கு வேண்டிக்கொண்டதை, ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்ததை. அட்டெண்டர் கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாக அதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னார். நிறைய நேரம் ஆயிற்று. நடுவில் மிஸ்ஸி “ஐயோ” என்றார். எங்களவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட வார்த்தை.

டாக்டர் சொன்ன பதிலை அட்டெண்டர் தமிழில் சொன்னார்.

“தங்கச்சி, தங்கம் குத்துன எடத்துலயே தங்காதாம். ரத்தத்துல கலந்து சாயங்காலத்துக்குள்ள ஒடம்பு பூராப் போயிடுதாம். கைக்கு, நெஞ்சுக்கு, தலைக்கு. இடுப்புக்கு மேலயும் இருக்கு, பயப்படாதேன்னு சொல்றாரு.”

நான் யோசித்துப் பார்த்தேன்.

“அப்ப காலுக்கும் போகுமாண்ணே?”

அவர் கேட்டார். பதில் வருவதற்குள் அவரே தயங்கியது தெரிந்தது.

“காலுக்கும் போகும்.”

நீட்டியிருந்த பாதங்களை நான் மடக்கிக்கொண்டேன்.

அட்டையில் இலேசாகப் பச்சை ஏறியிருந்ததாம். இன்னும் இரண்டு மூன்று வாரம் இப்படியே ஓடியிருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கலாம் என்றார் டாக்டர். தாயார் கோபமில்லை, மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் எழுப்புகிற சத்தம் என்றார். இரண்டு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். தங்க ஊசி நிறுத்தப்பட்டது.

அன்று மாலை என் கணவரிடம் வளையத்தைக் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “மூணு வாரம்” என்றார். “மூணு வாரமா என் பக்கத்துல படுத்திருக்கே.” அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

தோல் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அட்டை மறுபடியும் மஞ்சளாக நின்றது. ஆனால் விரல்கள் காத்திருக்கவில்லை. முதலில் இடது சுண்டு விரல், அப்புறம் அதற்கடுத்தது. ஒவ்வொரு காலையும் எது போயிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பேன். ஃபேக்டரி சொன்ன நாள் வந்தது, போனது. பிடோக் வீட்டுக்குச் சாமான் ஏற்றிய அன்று நான் ஒரு மூட்டையைக்கூடக் கட்டவில்லை. அக்காதான் வந்து எல்லாவற்றையும் கட்டினார். புது வீட்டின் முதல் காலையில் என் கணவர் மண்டி போட்டு உட்கார்ந்து நாடாவை முடிந்தார். எங்கே கட்ட வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வழக்கமான இடத்தில் கட்டினார்.

அதற்குப் பிறகு டாக்டர் மறுபடியும் தங்கம் ஆரம்பித்தார். முன்பு போட்டதில் பத்தில் ஒரு பங்கு, துளித் துளியாக ஏற்றிப் பார்க்கலாம் என்று. ஒத்துக்கொண்டால் கை வரும். மறுபடி அரிப்பு வந்தால் தங்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. வேறு மருந்துகளில் கை இந்த அளவுக்கு வருமா என்று உறுதி சொல்ல முடியாது. இதையும் அட்டெண்டர்தான் சொன்னார், சின்னக் குரலில்.

மிஸ்ஸி ஒரு காரியம் செய்தார். அட்டெண்டரிடம் கேட்டு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டார். ஊசி அறைக் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, யாரும் இல்லாமல் என்னிடம் கேட்பார்.

“அலிப்பு?”

ரகரம் அவருக்கு வராது. நான் திரும்பி நின்று நாடாவை இறக்கிக் காட்டுவேன். அவரும் பார்ப்பார். பிறகுதான் ஊசி. வாராவாரம் இப்படி. விரல்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. இடது சுண்டு விரல் மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டது, இன்றைக்கும் அப்படித்தான். ஃபேக்டரியில் வேறு லைனில் இடம் காலியாகிறது என்று சேதி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பிடோக் வீட்டுக் குளியலறையில், முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு சின்ன சிவப்புத் திட்டைப் பார்த்தேன். காசளவுகூட இல்லை. தேய்த்தேன், போகவில்லை. கொசுவாக இருக்கலாம். வியர்வையாக இருக்கலாம். நாடாவை நானே முடிந்துகொண்டு, குப்பியைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க ரவிக்கைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தேன். இடுப்பில் இல்லையே, கையில்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

மிஸ்ஸி கதவைச் சாத்தினார். திரையை இழுத்தார். அட்டை மஞ்சளாகவே இருந்தது. ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“அலிப்பு?”

விரல்களை ஒரு தரம் மடக்கிப் பார்த்தேன். மடங்கின. பிறகு ரவிக்கைக் கையை மேலே தள்ளினேன்.

“இருக்கு மிஸ்ஸி” என்றேன்.